கீழ்த்தளத்துக்குக் கதவு இல்லை

இந்தக் காலத்துச் சனத்துக்கு வசதி கூடினால் கிறுக்கும் கூடிவிடுகிறது என்பது நாகமுத்தரின் முடிவு. இல்லாவிட்டால் அயர்லாந்தில் இடிந்து கிடந்த கற்களைக் கப்பலில் ஏற்றிவந்து, புவாண்ட்-கிளேர் ஏரிக்கரையில் மறுபடி அடுக்கி, அதற்கு வீடு என்று பெயர் வைப்பானா ஒருவன்? வாசல் மாடியில் இருக்கிறது. வெளியே மரப்படி ஏறித்தான் மண்டபத்துக்குள் நுழையலாம். கீழ்த்தளத்துக்குக் கதவே கிடையாது. சுவரில் ஒரு கை மட்டும் நுழையும் ஒடுங்கிய வெட்டுகள். மண்டபத் தரையில் ஒரு பலகை மூடி. அதைத் தூக்கி ஏணி இறக்கினால்தான் கீழே போகலாம்.

"எழுநூறு வருசத்துக்கு முந்தி இப்பிடித்தான் மாமா," என்றான் மருமகன் ஸ்ரீதரன். துப்புரவு வேலையை எடுத்தவன் அவன். நாகமுத்தர் துணைக்கு வந்தவர். "எதிரி வந்தா ஏணியை இழுத்துப்போட்டு மேல இருந்திடுவினமாம். மாடும் தானியமும் கீழ."

"கீழ ஆள் நிண்டா?"

"உங்களுக்கு எல்லாத்திலையும் சந்தேகம்."

சந்தேகம்தான். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்க, ஒரு வெட்டின் அடியில் மட்டும் கரைந்து ஈரமண் தெரிந்ததை அவர் வரும்போதே பார்த்திருந்தார். கீழே சூடு போடவில்லை.

ஆனாலும் நிறைமாதக்காரி மகள் சிவாஜினி பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் காத்திருக்கிறாள். வேலை முடிந்தால்தான் அவளுடைய புருசனை வீட்டில் கொண்டுபோய் விடலாம்.

ஸ்ரீதரன் லைட்டோடு இறங்கினான். "கூரை முழுக்கப் பாய் பதிஞ்ச மாதிரி, மாமா! மெல்லிய மிலாறுக் குச்சியளைப் பின்னி வளைச்சு, அதுக்கு மேல சாந்தைக் கொட்டி, பேந்து உரிச்செடுத்திருக்கினம்." பிறகு வாக்யூம் இரைந்தது. பின்னேர வெளிச்சம் ஏரிப்பக்கமாக வடிந்து, மண்டபத்தின் மூலைகள் ஒவ்வொன்றாகக் கறுத்து, நனைந்த ஆட்டுமயிரும் பழைய புகையும் சேர்ந்த ஒரு வாடை அந்தத் துவாரத்தால் மெல்ல மெல்ல ஏறிவந்து அவருடைய தொண்டையில் ஒட்டியது.

வாக்யூம் நின்றது.

காத்திருந்தார். கீழே எதுவோ கல்லில் உரசியது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு எதுவும் கேட்டுவிடும் என்று, ஆளைப் பெயர் சொல்லி அழைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மருமகன் எப்போதும் 'தம்பி'தான்.

"தம்பி! வேலை செய்தது காணும், மேல வாரும்!"

"ஓம், மாமா."

உடனே வந்தான். லைட் இல்லாமல். ஏணியை இழுத்தான். மூடியைப் போட்டான். உடுப்பில் ஒரு தூசி இல்லை. பிடரியில் மட்டும் பாய் பதிந்த மாதிரிப் பின்னல் தழும்பு.

"லைட் எங்க?"

"தேவையில்லை. வீட்டை போவம். சிவாஜினி பாத்துக்கொண்டிருப்பா."

படியிறங்கினார்கள். அவர் முன்னால். பனி கரைந்திருந்த அந்த வெட்டுக்குள் வெளிச்சம் அசைந்தது.

"மாமா?" உள்ளேயிருந்து ஸ்ரீதரனின் குரல். "ஏணியை ஏன் எடுத்தனீங்கள்?"

ஒரு கை வெளியே நீண்டது. விரலில் கலியாண மோதிரம்.

பின்னால் நின்றவனும் கையைக் காட்டினான். அதே மோதிரம்.

நாகமுத்தர் இரண்டு மோதிரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் தளரவில்லை. "என்ரை மகளை நீர் தனிய இருக்கேக்க என்னெண்டு கூப்பிடுறனீர்?"

"குஞ்சு."

சுவருக்குள்ளிருந்தும் வந்தது. காதோரமாகவும் வந்தது. ஒரே நேரத்தில். ஒரே வெட்கத்தோடு.

"வான் திறப்பைத் தாரும்."

வெளியே நின்றவன் வண்டிச் சாவியைத் தந்தான். விரல் ஐஸாகக் குளிர்ந்தது. வாங்கிக்கொண்டு விலகி நடந்தார்.

"மாமா, என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ."

எந்தக் குரல் என்று தெரியவில்லை. வானுக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்.

வெளியே நின்றவன் தன் முகத்தைச் சுவர் வெட்டில் சாய்த்திருந்தான். உள்ளேயிருந்து நீண்ட கை அவனுடைய கன்னத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தேற்றுவதுபோல.

சட்டைப்பைக்குள் போன் அடித்தது. மகள்.

"என்ரை மருமகன் இவனுமில்லை, அவனுமில்லை," என்றார் நாகமுத்தர். போனை எடுக்கவில்லை. வானிலும் ஏறவில்லை. தெருவைப் பார்த்து நடந்தார்.