கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

புதிய தலைவர் வந்த அன்றைக்கே அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டோம்: தேவையில்லை சார். எதைக் காட்டினாலும் வாயில் அந்த ஒரு சொல்தான். மூளை இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் ஸ்டாம்ப்.

எங்கள் கிடங்கில் இருப்பது எரிந்து தீர்ந்த அணு எரிபொருளிலிருந்து பிரித்தெடுத்த கழிவு. கண்ணாடியோடு உருக்கி, எஃகு உருளைகளில் ஊற்றி அடைத்தது. நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதன் விஷம் இறங்காது. உருளைகள் நிற்கும் அறைக்குள் போகிறவர் பிழைக்கமாட்டார். சுவரில் பதித்த, இரண்டு முழத் தடிமனான ஈயக் கண்ணாடி வழியே பார்த்தபடி, வெளியிலிருந்தே உள்ளே இருக்கும் இயந்திரக் கைகளை இயக்குவது என் வேலை.

"சும்மா நிக்கிற டப்பாவுக்கு எதுக்கு இத்தனை காவல்? அடுத்த மாசத்திலிருந்து இங்க ஆள் தேவையில்லை" என்றார்.

என் பக்கத்தில் நின்ற வெல்டர் தயங்கினார். "சார், சில நாள் உள்ள யாரோ நிக்கிறாங்க."

"படிச்சவங்கதானே நீங்க? வெட்கமா இல்ல?"

மூக்கு உரச, கண்ணாடியை நெருங்கி நின்றார் தலைவர். உள்ளே மங்கிய மஞ்சள் வெளிச்சம். எங்கிருந்தோ காய்ந்த இரும்பின் வாடை.

உள்ளே அவரே நின்றார். அதே டை. அதே இளக்காரச் சிரிப்பு.

"என் பிம்பம்யா இது! இதுக்கா பயந்தீங்க?"

உள்ளே நின்றவர் கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தார்.

"சார்..." என்றேன். "உங்க கை பாக்கெட்லதான் இருக்கு."

சிரிப்பு நின்றது. திரும்பி வேகமாக வெளியேறினார்.

உள்ளே இருந்தவர் போகவில்லை.

மறுநாள் தலைவருடைய மனைவி எனக்குப் போன் செய்தார்.

"அங்க என்னம்மா நடந்துச்சு? வந்ததிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன்னாடியே நிக்கிறார்." குரலைத் தாழ்த்தினார். "நானும் அவர் பக்கத்துல போய் நின்னு பார்த்தேன். கண்ணாடியில நான் மட்டும்தான் தெரியறேன்."

மாதம் முடிவதற்குள் தலைவர் செத்துப்போனார். உடம்பெல்லாம் வெந்திருந்தது என்றார் மனைவி. மாரடைப்பு என்றது நிர்வாகம். கூடவே கிடங்கின் கண்ணாடி ஜன்னலுக்கு ஒரு நீலத் திரையைத் தைத்து மாட்டியது. அவர்கள் அறிவுக்கு எட்டியது அவ்வளவுதான்.

இன்று காலை திரையை விலக்கினேன். உள்ளே யாருமில்லை. கண்ணாடியில் மட்டும் ஈரமாக ஒரு கைத்தடம், ஐந்து விரலும் தெளிவாக.

பழக்கத்தில் துணியை எடுத்துத் துடைத்தேன். போய்விட்டது.

நான் துடைத்தது இந்தப் பக்கத்தை.