ஒன்பதாயிரம் பைட்டுக்கு வழி

கேபிளே சொருகாத போர்ட்டில் பச்சை விளக்கு மினுக்கியது.

நெட்வொர்க் இன்ஜினியர் குனிந்து பார்த்தான். மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அந்த சர்வர் அறைக்குப் பகல் மூன்று மணியும் ஒன்றுதான், பாதிராத்திரியும் ஒன்றுதான். ஏசியின் இரைச்சலும், சூடேறிய தூசியின் வாடையும், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே விழும் நீள நிழல்களும் எந்நேரமும் அப்படியே இருக்கும். போர்ட்டை விரலால் தடவினான். காலிதான். பழைய நெட்வொர்க் சுவிட்ச், கிறுக்குப் பிடித்திருக்கும் என்று முனகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

இன்று தப்பு நடக்கக் கூடாது. புது ஸ்கேன் மெஷின் வந்து இறங்கியிருக்கிறது. படங்கள் துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும்; வேகமாகப் போக, ஆயிரத்தைந்நூறு பைட் பாக்கெட்டை ஒன்பதாயிரம் ஆக்க வேண்டும். அனுப்பும் மெஷின், வாங்கும் சர்வர், நடுவில் இரண்டையும் இணைக்கும் சுவிட்ச், மூன்றும் அந்த அளவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் பழைய மெஷினுக்கு இதே வேலையைச் செய்கையில் இரண்டு முனைகளையும் மாற்றிவிட்டு, நடுவில் இருந்த சுவிட்சை மறந்து தொலைத்தான். சோதனைக்கு அனுப்பிய குட்டிப் பாக்கெட்டுகள் சமர்த்தாகப் போய்வந்தன. எல்லாம் சரி என்று வீட்டுக்குக் கிளம்பினான். அன்று சாயங்காலம் தலையில் அடிபட்டு வந்தவரின் ஸ்கேன் படங்களை, அளவு பெரிதென்று சுவிட்ச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்தது. டாக்டரின் திரையில் எதுவும் வரவில்லை. ஆள் போய்ச்சேர்ந்தார்.

விசாரணை தொடங்குவதற்குள் அளவைப் பழையபடி ஆக்கி, பதிவுகளையும் அழித்துவிட்டான் இந்தப் புண்ணியவான். படத்தை அனுப்பவே இல்லை என்று பழியை ஸ்கேன் அறை அக்காவின் தலையில் கட்டினான். பத்தொன்பது வருஷம் உழைத்தவள். வேலை போனதும் மனசு விட்டுப்போய்ப் படுத்தாள், மூன்றே மாதத்தில் செத்துப்போனாள். படுப்பதற்கு முன் ஒருநாள் இந்த அறையின் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"நான் அனுப்பினேன் தம்பி. வாங்காம விட்டது நீதான். ஒருநாள் வாங்கித்தான் ஆகணும்."

"போங்கக்கா, வேலை கிடக்கு" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லியிருந்தான்.

இப்போது சுவிட்சை முதலில் மாற்றினான். அடுத்து சர்வரில் ஒன்பதாயிரம் என்று தட்டி என்டரை அழுத்தினான். அழுத்திய கையோடு, வாங்கிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. நூறு. நானூறு. இரண்டாயிரம். அத்தனையும் முழு ஒன்பதாயிரம். அனுப்பும் முகவரியைப் பார்த்தான். பழைய ஸ்கேன் மெஷினுடையது. ஸ்கேன் அறைக்கு போன் போட்டான்.

"அதைப் போன மாசமே எடைக்குப் போட்டாச்சே சார்" என்றார் அட்டெண்டர். புதுசை இன்னும் பிரிக்கக்கூட இல்லையாம்.

அளவைத் திரும்ப ஆயிரத்தைந்நூறு ஆக்கினான். ஏற்கவில்லை. மறுபடி தட்டினான். ஏற்கவில்லை. சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். எண்ணிக்கை நிற்கவில்லை.

திரையில் படம் விரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு மண்டையோடு. மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக. கண்குழிகள். தாடை. கழுத்து. ஓரத்தில் நோயாளியின் பெயர்.

அவன் பெயர்.

தேதி இன்று. நேரம் மூன்று பதினேழு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று பதினேழு.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

"அக்கா... நான்தான் தப்புப் பண்ணேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்கா."

ஏசி நின்றது. பாக்கெட்டுகள் மட்டும் வந்தன.

அடுத்த படம். நெஞ்சுக்கூடு. விலா எலும்புகள். உள்ளே இதயம். அதைச் சுற்றி ஐந்து விரல்களின் எலும்புகள், மெல்லிசாக, விரிந்தபடி.

அடுத்த படத்தில் விரல்கள் கொஞ்சம் மடங்கியிருந்தன.

மூச்சு முட்டியது. நெஞ்சைப் பிடித்தான்.

அதற்கடுத்த படம் மேலிருந்து ஒவ்வொரு வரியாக வந்துகொண்டிருந்தது.