மாற்றாத ஸ்விட்ச்

செல்போன் அலறியது.

"கனகா! ஜல்தி ஆபீஸுக்கு ஓடியா! நம்ம யாளி பார்டர் டிசைன் காஞ்சிபுரத்துக் கடையில தொங்கிகினு இருக்குது... போட்டோ வந்திருக்கு!"

பேசியது தருமன். அண்ணன் ராஜவேலுவும் அவரும் கூட்டாக நடத்தும் ஆரணிப் பட்டு நிறுவனம். அந்த டிசைன் இன்னும் அவர்கள் தறிக்கே ஏறவில்லை!

நெட்வொர்க் இன்ஜினியர் கனகவதி அலறியடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

அங்கே... ராஜவேலு அதற்குள் வரவழைத்திருந்த இன்ஸ்பெக்டர் ரேணுகாம்பாள்!

"இவதான் மேடம்!" ராஜவேலு விரலை நீட்டினார். "நெட்வொர்க் பூரா இவ கையில. வேற எவன் திருட முடியும்?"

கனகவதி அவரையே பார்த்தாள். தன்னைக் காலேஜ் படிக்க வைத்த மனிதர்... அவர் வாயிலிருந்தா இந்த வார்த்தை?

லேப்டாப்பைத் திறந்தாள்.

"கம்ப்யூட்டருங்களை இணைக்கிற ஸ்விட்ச் பெட்டி புதுசா வாங்கப் பெரிய முதலாளி ஒத்துக்கல மேடம். இருக்கிற பழைய டப்பாங்களையே ஒண்ணொண்ணா சாஃப்ட்வேர் கட்டுப்பாட்டுக்கு மாத்திகினு வரேன். மாத்தினதையெல்லாம் இந்த ஒரே சாஃப்ட்வேர்தான் நடத்துது. எங்கிருந்து எது எங்க போச்சுன்னு சொல்லிடும்."

"மாத்தாதது?"

"ஒண்ணே ஒண்ணு. முதலாளி ரூம்ல இருக்கிறது. கடைசியில பாத்துக்கலாம்னுட்டாரு."

"அப்போ என் ரூம்ல நடக்கிறது அதுல தெரியாதே!" ராஜவேலு அவசரமாகச் சொன்னார்.

"தெரியும் முதலாளி. உங்க ஸ்விட்ச்ல இருந்து எது வெளிய போனாலும், நான் மாத்தின ஸ்விட்ச் ஒண்ணைத் தாண்டித்தான் போகணும். அப்படித்தான் வழி வச்சிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் நான் தேடிப் பாக்கல... உங்கள சந்தேகப்படுவேனா?"

தேடினாள். திரையில் வந்ததைப் படித்தாள்.

டிசைன் சர்வர்... ராஜவேலுவின் கம்ப்யூட்டர்... அங்கிருந்து நேராகக் காஞ்சிபுரம் கடை!

"அண்ணே... நீயா?" தருமன் முகம் வெளுத்தது.

"கம்பெனி படுத்தா... உன் பங்கை அடிமாட்டு விலைக்கு வாங்கிடலாம்னு..." ராஜவேலு மென்று விழுங்கினார்.

"திருடினதைக் கூடத் தாங்கிப்பேன்," கனகவதி உடைந்து அழுதாள். "பழியை என் தலையில கட்டப் பாத்தீங்களே! உங்கள அப்பாவா நெனச்சேனே!"

"மேடம், கம்ப்ளைண்ட் நான் தரேன்," என்றார் தருமன்.

ராஜவேலு தலையில் அடித்துக்கொண்டார். "போயும் போயும் பழைய டப்பாங்க என்னைக் காட்டிக் குடுத்துடுச்சே!"

ரேணுகாம்பாள் எழுந்தார்.

"வெளிய நிக்கிற எங்க ஜீப்பும் பழைய டப்பாதான் சார்... ஆனா ஸ்டேஷனுக்குக் கரெக்டா கொண்டு போய்ச் சேத்துடும். ஏறுங்க!"