நான்காவது பாட்டு

பாட்டுக்குள் போன் மணி அடித்தது.

உமாசங்கர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கல்லூரி நாளில் கேஸட்டாக வாங்கி, நாடா தேயத் தேயக் கேட்டு, பிறகு சிடியாகி, இப்போது ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இருக்கும் ராக் ஆல்பம். பாடகன் எங்கே மூச்சு வாங்குவான், டிரம் குச்சி எங்கே விளிம்பில் தட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மணிச் சத்தம் அதில் கிடையாது.

இறந்துபோன மனைவி நாகலக்ஷ்மியின் காரியங்கள் முடிந்து இன்றுதான் ரேடியோ நிலையத்துக்கு வந்திருந்தார். "உமா சாரே, முடியலேன்னா நான் பேசிக்கறேன், கேட்டோ," என்றாள் கண்ணாடிக்கு அப்பால் இருந்த தயாரிப்பாளர் லிபி, மலையாளம் கலந்த தமிழில். வேண்டாமென்று கையசைத்தார். ஏசியின் குளிர், கார்ப்பெட்டின் ஈர வாடை, எதுவும் அவரைத் தொடவில்லை. ஆல்பத்தில் நீளமானது நான்காவது பாட்டு. அதை ஓடவிட்டு, மைக்கை மூடி, மனைவிக்குப் போன் செய்வது வழக்கம். இன்றும் விரல் தன்பாட்டில் அவள் எண்ணை அழுத்தியிருந்தது. வீட்டு அலமாரியில் அணைத்து வைத்த போன்.

கிட்டார் தனியாக ஏறும் இடத்தில் மணி நின்றது.

"சொல்லுங்கோ. இன்னிக்கும் அந்தக் கத்தல்தானா?"

ஹெட்போனில், பாட்டுக்குள்ளிருந்து. பின்னால் குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம். பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை.

"நாகு," என்றார்.

"ஸ்மிதா கிளம்பியாச்சா?"

மகளைப் பற்றித் தினமும் கேட்பதுதான். தினமும் சொல்வதையே சொன்னார். "கிளம்பியாச்சு. ஸ்கூட்டர்ல."

"எந்த வழியா?"

இதை அவள் கேட்டதே இல்லை.

"கழக்கூட்டம் ஆபீஸுக்கு வேற எது? பைபாஸ்தான்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இங்க எனக்குத் துணைக்கு யாருமில்லே. அவளை அழைச்சுக்கறேன்."

பிறகு கிட்டார். வெறும் கிட்டார்.

இப்போது வந்தது பயம். மகளின் எண்ணை அழுத்தினார்.

ஸ்மிதா எடுத்தாள். போனை ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசுகிறவள். காற்று. லாரி ஹாரன்.

"வண்டியை நிறுத்து. ஓரமா நிறுத்து."

"என்னப்பா, ஷோ நடுவுல? பாட்டு தீர்ந்துட்டா லிபி சேச்சி உன்னைக் கொன்னுடுவா." சிரித்தாள்.

"நிறுத்துடி!"

"இரு... இருப்பா."

காற்று.

அவள் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"அப்பா... ஹெல்மெட்டுக்குள்ள யாரோ என் தலையைக் கோதறா."