உள் உறை

மழை சட்டென்று பிடித்துக்கொண்டது. ஏணியில் நின்ற மிஹாரு இறங்கவில்லை. எலுமிச்சை அளவு ஆப்பிள் பிஞ்சைக் காகித உறைக்குள் நுழைத்து, வாயைச் சுருக்கி, கம்பியை மடித்தாள். அடுத்த பிஞ்சு...

"பழத்துக்கெல்லாம் முக்காடு போடுவீங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கம் சோஹெய். பக்கத்துத் தோட்டத்தின் இளைய மகன். டோக்கியோ வேலையை விட்டு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அவர்கள் வீட்டில் பழத்துக்கு உறை போடும் வழக்கமில்லை.

இமையில் துளி தொங்க அவள் திரும்பினாள். அந்தக் கண்கள்... அடுத்த கிண்டல் அவனுக்கு மறந்தே போயிற்று.

"உங்க பழம் இனிப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா பரிசா கொடுக்க ஜனங்க தேடி வர்றது எங்க முட்சு ஆப்பிளத்தான். உறைக்குள்ள வெளுத்து, கழட்டினதும் வெயில்ல ஏறுற அந்த ரோஜா நிறத்தப் பார்த்திருக்கீங்களா?"

"அவ்வளவு பெருமையா?"

"இருக்காதா பின்னே?"

மறுநாள் மழையில்லை. ஆனாலும் வந்தான்... ஏணியைப் பிடித்துக்கொண்டான். உறை கட்டி முடிவதற்குள் மனதையும் சொல்லிவிட்டான்.

அவள் ஒரே பெண். கட்டுகிறவன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து அவள் குடும்பப் பெயரை ஏற்க வேண்டும்.

"பேர மாத்துறது இருக்கட்டும். ஒரு மரம் தர்றேன். உறை கட்டி, கழட்டி, நிறம் ஏத்திக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

"யாரையும் கேட்காம செஞ்சு காட்டுறேன்."

செப்டம்பர் கடைசி. சுள்ளென்ற நண்பகல். வெளி உறையைக் கழற்றினான். உள்ளே சிவப்பு மெழுகுத்தாளில் உள் உறை. சில நாள் அதோடு விட்டால்தான் தோல் வெளிச்சத்துக்குப் பழகும். அவனுக்கு அவசரம்... அதையும் உருவிவிட்டான். மறுநாள் பால் வெள்ளைப் பழமெல்லாம் பழுப்பாய்க் கருகியிருந்தது.

ஒரு பழத்தோடு அவள் முன் வந்து நின்றான்.

"தோத்துட்டேன். உங்களைக் கேட்டிருக்கணும். கௌரவம் விடல. அடுத்த வருஷமும் ஒரு மரம் கொடுங்க... மாப்பிள்ளையா வேணாம்னா கூலியாளா வர்றேன்."

மிஹாரு பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க அத உருவுறப்ப நான் அடுத்த வரிசையிலதான் நின்னேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நீங்களா கேட்கட்டும்னு வாய மூடிக்கிட்டேன். பாதி நான் கருக்கினது."

கருகிய தோலை விரலால் தடவினாள்.

"என் வெளி உறைய அன்னிக்கு மழையிலயே கழட்டிட்டேன்," என்றாள் மெல்ல.

"உள் உறை?"

அவள் கன்னத்தில் மெதுவாக முட்சுவின் நிறம் ஏறியது.

"இத்தனை மாசம் பழகியாச்சு. இனி வெயில் சுடாது." கருகிய பழத்தை ஏந்திக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்தாள். "வாங்க. ஒரு மரத்தையே கருக்கினவர்தான் நம்ம வீட்டு மாப்பிள்ளைன்னு அப்பாகிட்ட நானே சொல்றேன்."