தட்டாமல் நுழைந்த அறை

அட்டையைச் செருகுவதற்கு முன்பே அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரிஸ்வான் தன் கையிலிருந்த சாவி அட்டையையும் சுவரில் காலியாக இருந்த துளையையும் மாறி மாறிப் பார்த்தான். அட்டை உள்ளே போனால்தான் மின்சாரம் வரும். வருடத்தில் பாதியை ஹோட்டலில் கழிப்பவனுக்கு இதுகூடவா தெரியாது? ஏதோ கோளாறு என்று முனகிக்கொண்டே செருகினான். விளக்கு ஒரு கணம் மங்கி மறுபடி எரிந்தது.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த சின்ன ஹோட்டல் அது. வான்வழியை மூடிவிட்டார்கள் என்று காலையில் செய்தி வந்ததும் துபாய் விமானம் இரவுக்குத் தள்ளிப்போனது. குடியிருந்த உட்லண்ட்ஸ் வீட்டின் சாவியை முந்தின நாளே ஒப்படைத்தாகிவிட்டது. துபாயில் மனைவி அஃப்னா காத்திருக்கிறாள். ஆறு வயது மகள் மர்யமைப் பத்திரமாகக் கொண்டுபோய் அவள் கையில் சேர்க்க வேண்டும். அன்றைக்கு அவனுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

பயணக் குறிப்பு சொல்வது அவன் பிழைப்பு. இணைய வானொலியில் வாரா வாரம் அளப்பான். "மெத்தை ஓரத்துல மூட்டைப்பூச்சி இருக்கான்னு பாருங்க. சாவி அட்டை ரெண்டா கேட்டு வாங்குங்க. கதவுக்கடியில ரப்பர் கட்டையைச் செருகுங்க, அப்புறம் எவன்கிட்ட சாவி இருந்தாலும் திறக்க முடியாது." ஹோட்டல் அறைக்குள் போகுமுன் கதவைத் தட்ட வேண்டும், உள்ளே இருப்பது விலகி வழிவிடும் என்று இங்கே பல பேர் நம்புகிறார்களே, அதை மட்டும் போன வாரம் வாய் வலிக்கக் கிண்டல் செய்தான். "காலி ரூமுக்கு பெர்மிஷன் கேக்கணுமா லா?" இன்றும் தட்டவில்லை. தூங்கி வழிந்த பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு வந்த அவசரத்தில் வழக்கமான ஸலாம்கூட வாயில் வரவில்லை.

ஜன்னல் இல்லாத அறை. வெளியே மதிய வெயில் கொளுத்துகிறது என்று சொன்னால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். குளிர்சாதனத்தின் உறுமலுக்கு அடியில், யாரோ வெகு நேரம் மூச்சை அடக்கிவிட்டு மெல்ல விடுவதுபோல ஒரு சத்தம் வந்து வந்து போனது. துவட்டாத தலைமுடியின் ஈர வாடை தலையணையில் தொடங்கி, அவன் நகர்ந்த பக்கமெல்லாம் கூடவே நகர்ந்தது. பிள்ளையை நாற்காலியில் இறக்கிவிட்டு, மெத்தை ஓரத்தைத் தூக்கிப் பூச்சி தேடினான். விரிப்பில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. ஆனால் கட்டில் ஓர் ஆள் நீளத்துக்குச் சூடாக இருந்தது.

கையை வெடுக்கென்று எடுத்தான். கட்டிலுக்கு அடியில், அலமாரியில், குளியலறையில் தேடினான். ஒருவரும் இல்லை. வேலைக்காரன் எவனோ கள்ளச்சாவி வைத்துக்கொண்டு இங்கே படுத்து எழுந்து போயிருக்கிறான், திரும்பியும் வருவான். அப்படித்தான் அவன் புத்தி கணக்குப் போட்டது.

"மர்யம், அத்தா கீழ போய் வேற ரூம் கேட்டுட்டு வந்துடுறேன். நான் போனதும் இந்த ரப்பர் கட்டையைக் கதவுக்கடியில தள்ளிடு. மூணு தடவை தட்டி ஸலாம் சொன்னா மட்டும் எடு."

"வேற ஆள் தட்டினா?"

"அத்தா குரலா இருந்தா மட்டும்தான் எடுக்கணும். சரியா?"

அந்த அறைக்குள் நின்றுகொண்டு இதையெல்லாம் சத்தமாகச் சொன்னான். ஷூவைக் கழற்றிப் போட்டது போட்டபடி, ஹோட்டல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கீழே வரவேற்பு மேசையில் இருந்த லீலா அவன் புகாரை முழுதாகக் கேட்கவில்லை. "தட்டிட்டுத்தானே உள்ள போனீங்க?" என்றாள்.

"இல்ல. ஏன்?"

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பிள்ளை எங்க சார்?"

படிகளில் ஓடினான். ஒரு செருப்பு கழன்று விழுந்தது.

மூன்று தட்டு. "அஸ்ஸலாமு அலைக்கும்! மர்யம்!"

கதவில் காதை வைத்தான்.

பிறகு உள்ளே இருந்து மூன்று தட்டு.

"வ அலைக்கும் ஸலாம்."

ஆண் குரல். அவன் குரல்.

கேட்டு வாங்கியிருந்த இரண்டாவது அட்டையை வைத்தான். பச்சை விளக்கு. கைப்பிடி இறங்கியது. கதவு அசையவில்லை. தோளால் மோதினான். அசையவில்லை. ரப்பர் கட்டை.

தரையில் விழுந்து கன்னத்தைக் கம்பளத்தில் அழுத்தி, கதவின் அடியிடுக்கில் பார்த்தான். ஈர வாடை முகத்தில் அடித்தது. மர்யமின் ரோஸ் நிறக் காலுறைகள். பக்கத்தில் அவனுடைய கறுப்பு ஷூ.

அதற்குள் கால்கள் இருந்தன.

"அத்தா, வெளியில யாரோ உங்கள மாதிரியே பேசுறாங்க."

"திறக்காத கண்ணு. நமக்கு ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு."

"மர்யம்! அத்தா இங்க இருக்கேன்மா!" அவன் அலறினான்.

ரோஸ் காலுறைகள் பயந்து பின்வாங்கி ஷூவோடு ஒட்டிக்கொண்டன. ஷூ ஒன்று நிதானமாக முன்னே வந்தது. அதன் முனை ரப்பர் கட்டையைக் கதவுக்கடியில் இன்னும் இறுக்கித் தள்ளியது.