நடுச்சட்டத்து விளக்குகள்

வளர்மதி நின்றது மக்காச்சோள மூட்டைகளுக்குப் பக்கத்தில். போன் திரையில் அவளைக் காட்டும் பச்சைப் புள்ளியோ குடோனின் எதிர்ச்சுவரோரம் நின்றது.

அண்ணாந்து கூரை விளக்குகளைப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாமல் சிமிட்டி, ஆள் நிற்கும் இடத்தைப் போனுக்குச் சொல்லும் விளக்குகள் அவை. நாலு மூலைக்கு நாலு என்று அவள் வரைந்து கொடுத்திருக்க, தமிழரசன் நாலையும் நடுச்சட்டத்தில் வரிசையாக மாட்டித் தொலைத்திருந்தான். பூலாம்பாடிப் பக்கம் குடோன்களில் அப்படித்தான் மாட்டுவார்கள். மூலையில் மாட்டத் தகரத்தில் ஓட்டை போட்டால் மழை ஒழுகும். ஆனால் ஒரே வரிசையில் இருந்தால், ஆள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று போனுக்குப் பிடிபடாது. கல்லூரியிலிருந்து கூடவே வரும் கூட்டாளிக்கு இது தெரியாதா என்ன?

"மூலையில மாட்டிட்டேன்னு சொன்னியே தமிழு?"

"மாட்டிட்டேன் வளரு." குரல் வாசலிலிருந்து வந்தது. "நீ நட, நான் பாக்குறேன்."

வாய் கூசாமல் சொல்கிறான்! சோளத்தூசியும் சாக்கின் பழைய ஈரவாடையும் மூக்கை அடைக்க, உச்சி வெயிலில் கூரைத்தகரம் டொக்கு டொக்கென்று விரியும் சத்தத்தைக் கேட்டபடி அவள் இரண்டடி நடந்தாள். எதிர்ச்சுவரோரம் புள்ளியும் நடந்தது. தானியம் கிடக்கும் இடமென்று செருப்பை வாசலில் விட்டிருந்ததால் சோளமணிகள் பாதத்தில் குத்தின. நின்றாள்.

புள்ளி நிற்கவில்லை.

எதிர்ப்பக்கம் சோளம் நறநறத்தது. வெறுங்காலின் கீழ். மெதுவாக. ஆளில்லை.

"தமிழு, உள்ள யாரோ இருக்காங்கடா!"

"தெரியும்" என்றான். பிறகு, அவளிடம் ஒருநாளும் பேசியிராத கனிவோடு, "வா. இன்னும் ரெண்டு எட்டுதான்."

"யாரைடா கூப்புடுற?"

விளக்குகள் சிமிட்டின. இம்முறை கண்ணுக்கே தெரிந்தது.

வாசல் வெளிச்சத்தில் ஒரு பெண். வளர்மதியின் சுடிதார். அவளுடைய பின்னல், கண்ணாடியில் தெரிவதுபோல் மறுதோளில். அவளுடைய செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டது.

"வந்துட்டேன் தமிழு."

அவளுடைய குரல்.

தமிழரசன் உள்ளே திரும்பினான். மூட்டையோரம் நின்ற வளர்மதியை நன்றாகவே பார்த்தான். பாவி, கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை.

"சாப்பிடப் போலாமா வளரு?" என்று பக்கத்தில் நின்றதிடம் கேட்டுக்கொண்டே ஷட்டரை இழுத்துவிட்டான்.

ஓடிப்போய்த் தட்டினாள். கை தகரத்தில் பட்டது. சத்தம் எழவில்லை. மறுபடி தட்டினாள். கத்தினாள். வெளியே பைக் கிளம்பிப் போனது.

போனைப் பார்த்தாள். தலைக்கு மேல் நாலு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. திரையில் அவளைக் காட்டும் புள்ளியே இல்லை.